சிற்றம்பலத்தார் கண்டெடுத்த துவக்கு

"தம்பி, ஒரு பழைய மணிக்கூடு பாக்க வேணும், ஒருக்கா வாங்கோ" என்று சிற்றம்பலத்தார் ஃபோனில் சொன்னபோதே கொட்வின் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். மூன்று வங்கிகளை உடைத்துவிட்டு ஓடிவந்தவன்கூட அவ்வளவு ரகசியமாய் மூச்சுவிடமாட்டான்.

கொட்வினுக்கும் மணிக்கூட்டுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. இருபத்தாறு வருடமாக ஹம் நகரில் வேட்டைத் துவக்குகள் திருத்தும் கடையில் வேலை. ஜேர்மனி முழுவதையும் சல்லடையில் போட்டு அரித்தாலும் அந்தத் தொழிலில் இன்னொரு யாழ்ப்பாணத்தான் அகப்படமாட்டான். சிற்றம்பலத்தாரோ ஊன்ட்றொப் பக்கத்தில் செத்தவர்களின் வீடுகளை வெறுமையாக்கிக் கொடுக்கிறவர். இந்த வட்டாரத்தில் யமனுக்கு அடுத்தபடியாக வந்து நிற்கிறவர் அவர்தான்.

சிற்றம்பலத்தார் வீட்டு நிலக்கீழ் அறைக்குள் இறங்கிய கொட்வின் கடைசிப் படியிலேயே நின்றுவிட்டான். நாளைக்கு ஆயுதபூசை. வெள்ளை விரித்த மேசையில் சுத்தியல், துளைபோடும் மெஷின், வான் வண்டித் திறப்பு எல்லாம் சந்தனப் பொட்டோடு வரிசையாய் இருந்தன. அவற்றின் நடுவே, மாலை போட்ட மாப்பிள்ளை மாதிரி, ஒரு ராணுவத் துவக்கு. அதன் வாய் அவனுடைய வயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"மணிக்கூடு எண்டனீங்கள்?"

"ஃபோனில துவக்கு எண்டு சொல்லேலுமே? அசல்தானே, தம்பி? இன்ரர்நெற்றில நாலாயிரம் ஒயிரோ எண்டு போட்டிருக்கு."

"விக்க ஏலாது அண்ணை, கண்டெடுத்தால் உடனே பொலிசுக்குச் சொல்ல வேணும். எத்தினை நாளா வைச்சிருக்கிறியள்?"

"ஆறு நாள். வெறுமையாக்கின வீட்டில கிடந்தது. நீர் அசல் எண்டு சொல்லும், பிறகு சொல்லுவம்."

அப்போது அவருடைய மனைவி சுலோஜனா தேத்தண்ணித் தட்டோடு படியிறங்கினாள். "இந்தச் சனியனை வீட்டுக்குள்ள வைக்காதேங்கோ எண்டு தொண்டை கிழியக் கத்தினனான், தம்பி. சாமான் கண்டால் இந்த மனிசனுக்குக் காது அடைச்சிடும்."

கொட்வின் இருவரையும் சுவரோரம் ஒதுங்கச் சொன்னான். மூலையில் அடுக்கியிருந்த அரிசி மூட்டைகளின் பக்கம் துவக்கின் வாயைத் திருப்பினான்.

"ஐயோ, அது கீரிச்சம்பா!"

"அண்ணை, வாயை மூடுங்கோ."

பூச்சரத்தை மெல்ல அறுத்தான். டோர்ச் அடித்துப் பார்த்தான். குழலில் 1942 என்று வெட்டியிருந்தது. பக்கத்தில் கழுகு முத்திரை, கூர் மழுங்காமல், நேற்றுக் குத்தியது போல. குழலில் உள்ள தொடர் எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்களும் தோட்டாவை உள்ளே தள்ளும் பூட்டில் இருந்தன, அதன் கைப்பிடியில் இருந்தன, மரத்தின் இரும்புக் கச்சில் இருந்தன, சுண்டுவிரல் நகமளவு திருகாணியிலும் இருந்தன. ஒரு திருகாணித் தலையிலாவது ஆணித்திருப்பி கீறிய அடையாளம் இல்லை. மரத்தை முகர்ந்தான். ஆளிவிதை எண்ணெய் வாசம். கடைக்காரர்கள் பழசாக்கப் பூசும் சாயத்தின் வாசம் மருந்துக்கும் இல்லை. பூட்டைச் சுற்றிப் போர்க்காலத்துக் கொழுப்பு தார் போல இறுகிக் கிடந்தது.

இப்படி ஒன்று கிடைத்தால் சேகரிப்பாளர்கள் நிலத்தில் விழுந்து கும்பிடுவார்கள். கொட்வினுக்கோ ஒவ்வொரு அடையாளமும் பொருந்தப் பொருந்த முதுகில் வியர்வை இறங்கியது. அசல் என்றால் ஒருவரும் கழற்றவில்லை. ஒருவரும் கழற்றவில்லை என்றால் ஒருவரும் பூட்டைத் திறக்கவில்லை. ஒருவரும் திறக்கவில்லை என்றால், கடைசியாய் இதைத் தூக்கியவன் உள்ளே எதை விட்டுவிட்டுப் போனானோ அது இன்னும் உள்ளேதான் இருக்கிறது.

பூட்டின் பின்வாலைப் பார்த்தான். அங்கே மட்டும் கொழுப்பு வெடித்து, வட்டமாய் ஒரு புதுக் கோடு மினுங்கியது.

"ஆராவது இதைத் தொட்டதோ?"

"பூசைக்கெண்டு துடைச்சது மட்டுந்தான்" என்றார் சிற்றம்பலத்தார், கண்ணை அரிசி மூட்டையில் வைத்துக்கொண்டு.

வால் உள்ளே போயிருந்தது. அப்படியென்றால் சுடும் ஊசி முன்னால் போய் நிற்கிறது. உள்ளே தோட்டா இருந்தால் அதன் தொப்பியைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. ஆறு நாளும் இந்த மனிசன் இதை எத்தனை தரம் மேசையில் டொக்கென்று வைத்திருப்பார்! கைப்பிடியை ஒரு விரற்கடை உயர்த்தினால் ஊசி பின்வாங்கும். அந்த ஒரு விரற்கடைதான்.

உள்ளங்கையால் அழுத்தினான். அசையவில்லை. மறுபடி அழுத்தினான். ஆயிரம் வருடம் கழிந்தது. கொழுப்பு பிசினாய் இழுபட, கைப்பிடி எழுந்தது. மெல்ல, மிக மெல்லப் பின்னுக்கு இழுத்தான். பித்தளைத் தோட்டா ஒன்று வெளியே வந்து அவன் கையில் விழுந்தது.

மூவரும் மூச்சுவிட்டது அடுத்த ஊருக்குக் கேட்டிருக்கும்.

"அப்ப அசல்!" சிற்றம்பலத்தார் துள்ளினார். "நான் சொன்னனான் எல்லே, சுலோ?"

கொட்வின் தோட்டாவின் அடியை டோர்ச்சில் பிடித்தான். எண்பது வருடக் கறுப்பு. அதன் நடுவே ஆழமில்லாத ஒரு குழி, பித்தளை நிறத்தில், பளிச்சென்று. பூட்டின் புதுக் கோட்டைப் போல அதுவும் பழசாகாதது.

"அண்ணை, விசையை இழுத்தனீங்கள்."

"இல்லை..."

"இழுத்தனீங்கள். ஊசி குத்தியிருக்கு. கொழுப்பு இறுகி ஊசியைப் பிடிச்சபடியால்தான் வெடிக்கேல்லை."

சிற்றம்பலத்தார் அறுந்த பூச்சரத்தைப் பொறுக்கினார். "படத்துக்குத்தான், தம்பி. ரொறன்ரோ மச்சானுக்கு அனுப்ப ஒரு பகிடிப் படம். டிக் எண்டு ஒரு சத்தம். சும்மா எண்டு நினைச்சன்."

சுலோஜனா தட்டைத் துளைபோடும் மெஷினின் பக்கத்தில் வைத்தாள். "வியாழக்கிழமை" என்றாள். "கள்ளி பிடிபட்டாள் எண்டு என்னைக் கை தூக்கச் சொன்ன படம்."

"நீரும் சிரிச்சனீர்தானே, சுலோ..."

"ஓம். சிரிச்சனான்."

அவள் கணவனின் சட்டைப் பையிலிருந்து ஃபோனை எடுத்துப் படத்தைத் தேடினாள். கொட்வின் எட்டிப் பார்த்தான். மாவு படிந்த இரண்டு கைகளும் மேலே. கன்னத்தில் குழி விழ ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பிலிருந்து ஒரு முழம் தள்ளித் துவக்கின் வாய்.

"எவ்வளவு பெறும் தம்பி?" என்று கேட்டாள்.

"முழு அசல், அக்கா. அவர் சொன்னதுக்கும் மேல பெறும்."

சிற்றம்பலத்தாருக்கு முகம் மலர்வதா வெளிறுவதா என்று தெரியவில்லை. அதற்குள் அவள் அதே ஃபோனில் பொலிசின் எண்ணை அழுத்திவிட்டாள். பெயர் சொன்னாள், விலாசம் சொன்னாள், துவக்கு என்று தெளிவான ஜேர்மனில் சொன்னாள். யாருக்காவது ஆபத்தா என்று மறுமுனைக் குரல் கேட்டது.

சுலோஜனா தன் கணவனை முன்பின் பார்த்திராத ஒருவரைப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

"இண்டைக்கு இல்லை" என்று ஜேர்மனில் சொன்னாள். "வியாழக்கிழமை இருந்தது."