தண்ணீர் ஆகாத கிழங்கு

ஊரே மழைக்கு ஏங்கிய வருடத்தில், மழை படாமல் இரண்டு செடிகளை ஒளித்து வைத்தவன் நான். பார்த்தவர்கள் சிரித்தார்கள். சிரித்தால் சிரிக்கட்டும். எனக்கு வாய் நீளம், பொறுமை குட்டை. யாருக்கும் விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்கிற ஆள் இல்லை.

புதுக்கோட்டை சமஸ்தானம் மெட்ராஸோடு சேர்ந்து நாலு வருடம் ஆகியிருந்தது. வக்கீல் ஆத்மநாதன் பங்களாவில் நான் தோட்டக்காரன். தோட்டத்து மூலையில் இருந்த ஓட்டு வீட்டை எனக்கும் என் மனைவி செவந்திக்கும் விட்டிருந்தார். வேலை போனால் வீடும் போகும்.

வக்கீல் ஐயா மலைப்பக்கம் போயிருந்தபோது இரண்டு கல்வாழை கொண்டுவந்தார். பாத்தியில் சிவப்பாகப் பூக்குமே, அந்தச் சின்ன ஜாதி இல்லை. பாறை இடுக்கில் முளைக்கிற ராட்சத வாழை. இலை ஆள் உயரத்தைத் தாண்டும், அடிமரம் ஆட்டுக்கல் பருமன் இருக்கும். பழம் முழுக்க விதை, பக்கக்கன்றும் விடாது. அழகுக்கு மட்டும்தான். அவர் மகள் அமராவதிக்கு ஆவணியில் கல்யாணம். மற்றவர்கள் குலை தள்ளிய வாழையை வெட்டி வாசலில் கட்டுவார்கள். தன் வாசலில் அது உயிரோடு நிற்க வேண்டும் என்று ஐயாவுக்கு ஆசை.

இந்த வாழைக்கு வருடத்தில் பாதி நாள் தூக்கம். ஐப்பசியில் இலையெல்லாம் பழுத்துத் தொங்கிவிடும். தூங்குகிற கிழங்கில் ஈரம் இறங்கினால் அழுகிப்போகும். நம் ஊரிலோ அப்போதுதான் மழை வரும். அதனால் இலைகளைக் கழித்து, கிழங்கோடு தோண்டி எடுத்து, வண்டிக்கொட்டகையில் காய்ந்த மணலில் உட்காரவைத்துச் சாக்கால் மூடினேன். மலைத் தோட்டத்தில் வேலை பார்த்தபோது கற்றுக்கொண்ட வித்தை. ஒருவரிடமும் சொல்லவில்லை. சொல்லிவிட்டால் அப்புறம் எனக்கென்ன மரியாதை?

மாசியில் ஒருநாள் வக்கீல் ஐயா சாக்கைத் தூக்கிப் பார்த்தார். இரண்டும் சுருங்கிக் கறுத்துக் கிடந்தன.

"என்னடா ஆவுடையப்பா, பொணத்துக்குக் காவல் இருக்கியா? குப்பையில தூக்கிப் போடு."

எனக்குச் சுருக்கென்றது. "உசுரு இருக்குங்க ஐயா. வைகாசி முடியிறதுக்குள்ள துளிர்க்கலைன்னா நானே துண்டை ஒதறிக்கிட்டுப் போயிர்றேன்."

"பேச்சு மாறக் கூடாது" என்றார். அவர் சிரிக்கவில்லை.

கிணற்றடியில் நின்ற செவந்தியின் காதில் அது விழுந்திருக்கிறது. சோறு போடும்போது கேட்டாள்: "இருக்குற வீட்டை வச்சா சவால் விடுவாங்க?"

"ஒனக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா கெட" என்றேன். அவள் சோற்றுப்பானையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

பங்குனியிலேயே கிணறு வற்றிவிட்டது. செவந்தி ஒரு மைல் நடந்து ஊருணியிலிருந்து தண்ணீர் கொண்டுவந்தாள். ஒரு நாளைக்கு மூன்று குடம், அவ்வளவுதான்.

சித்திரைக் கடைசியில், கிழங்குகளை நடலாம் என்று சாக்கை விலக்கினேன். குப்பென்று நாற்றம். இடது கிழங்கில் விரலை வைத்தேன். பொதபொதவென்று உள்ளே போனது. பழுப்பாய் நீர் வழிந்தது. அடி மணல் நசநசத்தது. வலது கிழங்கு மட்டும் கல்லாய் இருந்தது.

அதே கொட்டகையில்தான் வண்டிக்காரன் குழந்தைசாமி மாடு கட்டுவான். பக்கத்தில் அவன் வாளி இருந்தது. எனக்குக் கண் மண் தெரியவில்லை. ஓடிப்போய் அவன் கழுத்துத் துண்டைப் பிடித்துவிட்டேன்.

"மாட்டுத் தண்ணியை இதுலயாடா கொட்டுன? என் குடியைக் கெடுத்திட்டியேடா!"

"எம் புள்ளை மேல சத்தியமா நான் இல்லைண்ணே!"

சத்தம் கேட்டு வக்கீல் ஐயா வந்தார். அழுகலைப் பார்த்தார், வாளியைப் பார்த்தார். "குழந்தைசாமி, மாட்டைக் கட்டிப்பிட்டு வீட்டுக்குப் போ. நாளையிலேருந்து வராத" என்றார். அவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

அப்போது செவந்தி இடுப்பில் குடத்தோடு உள்ளே வந்தாள்.

"அவரை விட்டுருங்க. நாந்தான் ஊத்துனேன்."

அவள் என்னைப் பார்த்தே சொன்னாள். "காஞ்சு கெடந்துச்சு. இது துளிர்க்கலைன்னா நாம எங்கிட்டுப் போறது? நான் குடிக்கிற தண்ணியில பாதியை மிச்சம் புடிச்சு தெனமும் ஊத்துனேன். ரெண்டுக்கும் பத்தலை. ஒண்ணாச்சும் பொழைக்கட்டும்னு இதுக்கு மட்டும் ஊத்துனேன். தண்ணி ஆகாதுன்னு ஒரு வார்த்தை எங்கிட்ட சொன்னீங்களா?"

அவள் உதடு வெடித்திருந்ததை அன்றுதான் பார்த்தேன். செருப்பால் அடித்தமாதிரி இருந்தது.

"குத்தம் என்னோடதுங்க ஐயா" என்றேன். "குழந்தைசாமி மேலயும் இல்லை, இவ மேலயும் இல்லை. நான் சொல்லலை."

வக்கீல் ஐயா குழந்தைசாமியை எழுந்திருக்கச் சொன்னார். என்னிடம், "இன்னும் ஒண்ணு இருக்குல்ல? கெடு அதேதான்" என்றார்.

மிஞ்சியதை வாசலோரம் மேடு கட்டி நட்டேன். இந்த முறை செவந்தியையும் குழந்தைசாமியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். துளிர் தெரியும்வரை ஒரு சொட்டுக்கூட விடக் கூடாது. வைகாசி வெயில் கொளுத்தியது. செவந்தி தினமும் குடத்தோடு அந்த மேட்டைச் சுற்றிக்கொண்டு போவாள், திரும்பிப் பார்க்கமாட்டாள். நான் ஒரு நாளைக்குப் பத்து முறை பார்ப்பேன். கறுத்த முண்டம் அப்படியே இருந்தது.

வைகாசி முடிந்தது. ஆனி முதல் நாள் விடிந்ததும் பானை சட்டியை மூட்டை கட்டினோம். பேச்சு என்றால் பேச்சு. விராலிமலையில் செவந்தியின் அண்ணன் வீடுவரை வண்டியில் போகலாம் என்று ஐயாவே சொல்லியனுப்பியிருந்தார்.

மூட்டைகள் ஏறியும் குழந்தைசாமி மாட்டைப் பூட்டவில்லை. மாடு தண்ணீர் குடிக்கவில்லை என்றான். அப்புறம் கடையாணி சரியில்லை என்றான். அப்புறம் ஆளையே காணோம்.

"அண்ணே! இங்கிட்டு வாங்கண்ணே!"

வாசல் மேட்டில் குப்புறப் படுத்துக் கிடந்தான். ஓடினேன். கறுத்த முண்டத்தின் நடுவில், சுண்டுவிரல் நுனியளவு, வெளிர்பச்சை. நகத்தால் தொட்டுப் பார்த்தேன். உயிர்தான். எனக்கு அழுகை வந்துவிட்டது.

வக்கீல் ஐயா குனிந்து வெகுநேரம் பார்த்தார். "இது நேத்தே வந்திருக்கும்டா, நீதான் சரியாப் பாக்கலை" என்றார். பிறகு குழந்தைசாமியிடம், "மூட்டையை எறக்கு" என்றார்.

செவந்தி வழிக்கென்று வண்டியில் வைத்திருந்த குடத்தை எடுத்துக்கொண்டு வந்தாள். மேட்டுக்கு இரண்டு அடி தள்ளியே நின்றாள்.

"இப்ப ஊத்தலாமாங்க?"

"ஊத்து" என்றேன். "பாதி போதும். மிச்சத்தை நீ குடி."