கண்டக்டர் தேய்த்த மேல்தளம்

கண்டக்டருக்கு வாய் ஓய்ந்தாலும் கை ஓயாது. அந்தக் கைதான் அவரைக் கவிழ்த்தது.

அவர் மனைவி தையல்காரி. கண்புரை ஆபரேஷனுக்குப் பிறகு ஊசியைத் தொடவே பயந்தாள். பொழுதுபோக்காக அவள் செய்துவந்த முழ நீள மரப் பொம்மைக் கப்பலில் மேல்தளம் மட்டும் பாக்கி. தீக்குச்சி அகலப் பலகைகளை ஒட்டி முடித்துவிட்டாள். அதைத் தேய்த்து வார்னிஷ் அடித்துத் தன் கண்ணைச் சோதித்துப் பார்ப்பது, நன்றாக வந்தால் மறுபடி தைப்பது, வராவிட்டால் தையல் மெஷினை அக்கா மகளுக்குக் கொடுத்துவிடுவது என்று முடிவு கட்டியிருந்தாள். மேஜைப் பக்கம் யாரும் வரக்கூடாது என்று உத்தரவு வேறு. யாரும் என்றால் யார், வீட்டில் இருப்பதே இரண்டு பேர்.

மரத்தின் ரேகை ஓடும் திசையிலேயே உப்புத்தாளை ஓட்டிப் பொறுமையாகத் தேய்த்தாள். ஒரு மதியம் அசந்து தூங்கிவிட்டாள். பாவம், கொஞ்சம் ஒத்தாசை செய்வோமே என்று கண்டக்டருக்குத் தோன்றியது. தோன்றாமலே இருந்திருக்கலாம். ஆபரேஷன் ஆனதிலிருந்து பாத்திரம் கழுவுவது அவர்தான். அந்தப் பழக்கத்தில், அடிப்பிடித்த சட்டியைத் தேய்ப்பதுபோல் வட்டம் வட்டமாகத் தேய்த்துத் தள்ளினார். தூசியை ஊதிவிட்டுத் தடவிப் பார்த்தார். வழவழவென்று இருந்தது. மனுஷருக்குப் பரம திருப்தி.

மறுநாள் அவள் வார்னிஷ் அடித்ததும், அதுவரை எங்கே ஒளிந்திருந்தனவோ, தளம் முழுக்கச் சுழிசுழியாகக் கீறல்கள் எழுந்தன. ரேகை எது, குறுக்கு எது என்றுகூடத் தெரியாமல் தேய்த்திருக்கிறேனே, என் கண் அவ்வளவுதான் என்று உட்கார்ந்துவிட்டாள்.

அப்போதே சொல்லியிருக்கலாம். கண்டக்டர் தொண்டையைக் கனைத்தார், தண்ணீர் குடித்தார், வாயை மூடிக்கொண்டார். பஸ் முழுக்க அதட்டியே காலம் தள்ளிய ஆள்! அவள் அக்கா மகளுக்குப் போன் செய்து மெஷினை வந்து எடுத்துக்கொள்ளச் சொன்னபோதும் அவர் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். இப்படியும் ஒரு கோழையா என்று தன்னையே வெறுத்தார்.

மறுநாள் காலையில் அவள் மெஷினைத் துடைத்துக்கொண்டிருந்தபோதுதான் வாய் திறந்தது.

"நான்தான் தேச்சேன். நீ தூங்கினப்போ."

அவள் நம்பவில்லை. சாப்பாட்டில் உப்புக் கூடினால்கூடத் நான்தான் போட்டேன் என்று பழியை ஏற்கிற ஆளாயிற்றே.

"என்னைத் தேத்துறதுக்காகச் சொல்லாதீங்க" என்று அவர் கையைத் தட்டிக்கொடுத்தாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார்.

மீந்த பலகைத் துண்டை எடுத்து, அவள் கண்ணெதிரே உப்புத்தாளால் வட்டம் வட்டமாகத் தேய்த்து, வார்னிஷ் தடவினார். அச்சு அசலாக அதே சுழிகள் எழுந்தன. அவள் துண்டைப் பார்த்தாள், தளத்தைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள்.

அந்த நேரம் பார்த்து அக்கா மகள் வந்து நின்றாள்.

"மெஷின் தர்றதா இல்லம்மா. வேணும்னா உங்க சித்தப்பாவைக் கூட்டிட்டுப் போ" என்றாள் மனைவி.

அந்தப் பெண் சிரித்துக்கொண்டே போனாள். கண்டக்டரும் சிரிக்கப் பார்த்தார். கதவைச் சாத்திவிட்டுத் திரும்பிய மனைவியின் முகத்தில் சிரிப்பே இல்லை.

"நேத்து பூரா என் கண்ணை நானே கரிச்சுக் கொட்டிட்டிருந்தேன். நீங்க பக்கத்துலதான உக்காந்திருந்தீங்க?"