கல்யாண முருங்கையில் மூன்று சுறாக்கள்

பாகூர் கடைத்தெருவில் மளிகைக் கடை வைத்திருக்கும் உதுமான், மகளிடம் கறாராகச் சொல்லிவிட்டார். பள்ளி அறிவியல் கண்காட்சியில் முதல் பரிசு வாங்கினால் பதினொன்றாம் வகுப்பில் சயின்ஸ் குரூப், இல்லையென்றால் காமர்ஸ் படித்துவிட்டுக் கடைக்கு வரவேண்டும். ஆசிபாவுக்குக் காமர்ஸ் என்றாலே வேப்பங்காய்.

அவள் மூன்று சுறாக்களைச் செதுக்கினாள். சீறிப் பாய்வதற்குக் கூர்மூக்கோடு ஒன்று, கடலடி மணலில் பதுங்கி இரை பிடிக்கத் தட்டையாய் ஒன்று, பாறை இடுக்கில் நுழைய ஒல்லியாய் ஒன்று. வயல் வேலியில் வெட்டிய கல்யாண முருங்கை, கத்தி பட்டதும் வெண்ணெயாய் வழிவிட்டது. அது தக்கை மரம் என்பது இந்தப் பக்கம் நண்டு சிண்டுக்குக்கூடத் தெரியும். செதுக்குகிற சுகத்தில் அவள்தான் மறந்து தொலைத்தாள்.

கண்காட்சியன்று தொட்டித் தண்ணீரில் விட்டதும் மூன்றும் மல்லாந்து மிதந்தன. கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. கடையைப் பூட்டிவிட்டு வந்து பின்னால் நின்றிருந்த உதுமான் தலையைக் குனிந்துகொண்டார். அதைப் பார்த்ததும் ஆசிபாவுக்கு அழுகை முட்டியது.

நடுவராக வந்திருந்த பேராசிரியை செல்வகுமாரி அடுத்த மேசைக்கு நகர்ந்தார்.

"கொஞ்ச நேரம் குடுங்க மேடம். சொறாவுக்கு மெதக்கறதுக்குப் பை கெடயாது, நீந்தலன்னா முழுவிடும். நான்தான் மரத்துல கோட்டை உட்டுட்டேன்."

மற்றவற்றைப் பார்த்துவிட்டு வருவதாகச் சொன்னார் அவர். ஆசிபா பள்ளிக்குப் பின்னாலிருந்த நெல்வயலுக்கு ஓடினாள். சுறாக்களின் வயிற்றைக் குடைந்து களிமண்ணைத் திணித்து டேப்பைச் சுற்றினாள்.

திரும்பி வந்து தொட்டியில் விட்டபோது மூன்றும் மூழ்கின. தொட்டியில் சொருகியிருந்த மோட்டார் குழாயை வேகமாகத் திறந்துவிட்டாள். மூக்கில் நூல் கட்டிய கூர்மூக்கன் வெள்ளத்தைக் கிழித்து ஆடாமல் நின்றது. தட்டையன் நூல் கட்டாமலே தரையோடு ஒட்டிக் கிடந்தது. ஒல்லியன் தொட்டிக்குள் பாறையாக அடுக்கியிருந்த செங்கல் சந்துக்குள் வழுக்கிக்கொண்டு போனது. சிரித்த கூட்டம் தொட்டியைச் சுற்றி நெருக்கியடித்தது.

இதில் எது உசத்தி என்று, சொன்னபடி திரும்பி வந்த செல்வகுமாரி கேட்டார்.

"பாயுறத மணல்ல படுக்க வெச்சாலும் பட்டினிதான், தட்டைய தொரத்தி ஓடச் சொன்னாலும் பட்டினிதான். அதது பொழப்புக்கு ஏத்த ஒடம்பு மேடம்."

முதல் பரிசு அவளுக்கே. கைதட்டல் அடங்குவதற்குள் உதுமான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேரே தலைமை ஆசிரியையிடம் போனார்.

"எம்பொண்ணுக்கு சயின்ஸ் குரூப்பே போட்டுடுங்க டீச்சர். கடைய நான் பாத்துக்கறேன்."