துரிட் நிறுத்தச் சொன்னாள்

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது ஒரு குளியலறைக் கதவுக்கு வெளியே. அந்தப் பக்கம் துரிட் உட்கார்ந்திருந்தாள். இந்தப் பக்கம் நான், தரையில் சம்மணமிட்டு, கையில் ஒரு ஜாடியோடு. ஜாடியில் இருந்தது குடலைக் கழுவும் மருந்துத் தண்ணீர். கடல் தண்ணீரில் எலுமிச்சை பிழிந்தது போல இருக்கும் என்று சொன்னாள். அடுத்த நாள் காலை அவளுக்கு கொலனோஸ்கோபி. இரண்டாவது முறை.

“கத எழுதுறவதானே நீ? இத எழுது பாப்போம்!” உள்ளேயிருந்து குரல் வந்தது. “இன்னிக்கு சாப்பிட்டது, நேத்து சாப்பிட்டது எல்லாம் போயாச்சு. இப்ப போன கிறிஸ்துமஸுக்குத் தின்னது போய்ட்டிருக்கு.”

சிரித்தேன். சிரித்த வேகத்தில், எழுதுகிறேன் என்று வாக்கும் கொடுத்துவிட்டேன். எங்கே தொடங்குவது என்று தெரியாமல் ஒரு வாரம் போனது.

முதல் முயற்சி: ‘பெர்கன் நகரத்தில் மழை பெய்துகொண்டிருந்த ஒரு காலையில் துரிட்’ — வேண்டாம். பெர்கனில் மழை பெய்தது என்று எழுதுவதும் மீன் ஈரமாக இருந்தது என்று எழுதுவதும் ஒன்றுதான்.

இரண்டாவது: ‘வலி என்பது’ — இதுவும் வேண்டாம். இப்படி ஆரம்பிக்கிறவருக்கு அந்த நேரத்தில் எங்கும் வலிப்பதில்லை.

ஆகவே நடந்ததைச் சொல்கிறேன். துரிட் ஹோவ்லாந்து என் மேல்மாடிக்காரி. அறுபதை நெருங்குகிறாள். பிரசவ வார்டில் தாதி. கணவன் ஈவார் நடுக்கடலில் எண்ணெய் எடுக்கும் மேடையில் வேலை செய்கிறவன். சில வாரம் அங்கே, சில வாரம் வீட்டில். வசந்தத்தில் வழக்கமான பரிசோதனைக்கு அவள் அனுப்பிய மலத்தில் ரத்தம் இருந்தது. உள்ளே குழாய் விட்டுப் பார்க்கவேண்டும் என்றார்கள்.

2

(இங்கே ஒரு சந்தேகம். பிரசவம் பார்க்கிறவள் என்பதை நான் கதைக்காகச் செய்ததாக நீங்கள் நினைக்கக்கூடும். நானும் அதற்குப் பயந்து, ஒரு வரைவில் அவளைக் கணக்கு டீச்சர் ஆக்கிப் பார்த்தேன். கதை படுத்துவிட்டது. ஏன் என்று இந்தப் பகுதி முடியும்போது தெரியும்.)

இந்த நாட்டில் மயக்க ஊசி இல்லாமலே இதைச் செய்துகொள்கிறவர்கள் நிறைய. நடந்து வந்து, முடித்துக்கொண்டு, தானே கார் ஓட்டிப் போவதில் ஒரு பெருமை. முதல் முறை துரிட்டும் அப்படித்தான் போனாள்.

“ஊசி போட்டுக்கறீங்களா?” என்று நர்ஸ் கேட்டாள்.

“எனக்கெதுக்கு? நான் பாக்காத வலியா?”

இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்தாள். தொடக்கத்தில் தாங்க முடிந்தது. உள்ளே காற்று ஏற ஏற வயிறு மத்தளமானது. பிறகு குடல் திரும்பும் ஒரு வளைவில் குழாய் முட்டி நின்றது. உள்ளேயிருந்து யாரோ முஷ்டியால் வயிற்றுச் சுவரைத் தள்ளுவது போல இருந்ததாம். கட்டில் கம்பியைப் பிடித்தாள். நெற்றி வியர்த்தது.

“இன்னும் கொஞ்சந்தான்,” என்றார் டாக்டர். “மூச்ச நல்லா இழுத்து விடுங்க.”

அந்த வாக்கியம் அவளுடையது. அதே சொற்கள், அதே மெத்தென்ற குரல். வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் அவள் மற்றவர்களுக்குச் சொல்லிவந்தது. அது தன் மேல் வந்து விழும்போது எப்படி இருக்கும் என்று அவளுக்கு அதுவரை தெரியாது.

“நிறுத்துங்க.”

“இதோ, இந்த வளைவு மட்டும்...”

“நிறுத்துங்கன்னு சொல்றேன்ல!”

குழாய் இன்னும் ஒரு தள்ளு முன்னே போனது. துரிட் அலறினாள். காலை உதறினாள். பக்கத்திலிருந்த தட்டு ஒன்று தரையில் விழுந்தது. அப்புறம்தான் உருவி எடுத்தார்கள். பாதிக்கு மேல் பார்க்க முடியவில்லை, திரும்ப வரவேண்டியிருக்கும் என்றார் டாக்டர். அவர் முகமும் வெளுத்திருந்ததாம்.

கார் நிறுத்தத்தில் வண்டியைக் கிளப்பாமல் உட்கார்ந்திருந்தாள். வயிறு இழுத்துப் பிடித்தது. ஆனால் அவள் நினைத்துக்கொண்டிருந்தது தன் வயிற்றை அல்ல.

“எத்தன பொண்ணுங்க என்கிட்ட நிறுத்துன்னு கத்தியிருப்பாங்க,” என்றாள் என்னிடம். “குழந்தைய நிறுத்த முடியாது, சரி. என் கைய நிறுத்தியிருக்கலாம்ல?”

கணக்கு டீச்சரால் இதைக் கேட்க முடியாது.

3

திரும்ப வரச்சொல்லி ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டார்கள். வேலை இருக்கிறது என்றாள். மறுபடி கூப்பிட்டார்கள். சளி என்றாள்.

இந்த இடத்தில் முதலில், நான் மாடியேறிப் போய் அவளுக்குப் புத்தி சொன்னதாக ஒரு பக்கம் எழுதியிருந்தேன். அழகான பக்கம். அதில் நான் மிக நன்றாகப் பேசினேன். (நீக்கிவிட்டேன். நான் செய்ததெல்லாம் சூப் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தது. உப்பு அதிகம் என்றாள்.)

அவளை அசைத்தது ஈவாரின் தொலைபேசி. ஸ்பீக்கரில் போட்டுவிட்டு உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். நானும் மேசையில் இருந்தேன்.

“போறியா இல்லியா?”

“எனக்கு ஒண்ணுமில்ல. மூலமா இருக்கும்.”

“ஓஹோ, டாக்டரம்மா சொல்லிட்டாங்க! நீ போகலேன்னா, நான் வீட்டுக்கு வர்ற ஹெலிகாப்டர்லேர்ந்து குதிச்சிருவேன் பாத்துக்க.”

“குதி. உனக்குத்தான் நீச்சல் தெரியுமே.”

அவன் சிரிப்பான் என்று இருவரும் காத்திருந்தோம். அந்தப் பக்கம் காற்றின் இரைச்சல் மட்டும் கேட்டது.

“துரிட்,” என்றான். “எனக்குப் பயமா இருக்குடி. இங்க நடுக்கடல்ல நின்னுட்டு நான் என்ன செய்ய?”

அவன் வாயால் அந்தச் சொல்லை அவள் கேட்டதே இல்லையாம். கத்தியைக் கீழே வைத்தாள். “சரி, வைய்யி போன,” என்றாள்.

மறுநாள் காலை ஆஸ்பத்திரிக்கு அவளே பேசினாள். வருகிறேன்; ஆனால் ஊசி வேண்டும், வேறு டாக்டர் வேண்டும், நான் நிறுத்து என்றால் நிறுத்தவேண்டும். மறுமுனையில் இருந்த பெண், கடைசி நிபந்தனையைத் திரும்பச் சொல்லும்படி கேட்டாள். திரும்பச் சொன்னாள்.

4

(நான் அந்த அறைக்குள் போகவில்லை. வெளியே ஒரு நாற்காலியில், தோட்டக்கலைப் பத்திரிகை ஒன்றைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு இருந்தேன். இனி வருவது அவள் சொன்னது. ஊசி மயக்கத்தில் அவள் மறந்ததை நான் ஊகித்து நிரப்பவில்லை. ஓரிரண்டு இடம் ஓட்டையாகவே இருக்கும்.)

டாக்டர் பெயர் சுன்னிவா. நரைத்த தலை, குட்டையான உருவம். முக்காலியை இழுத்துப் போட்டுத் துரிட்டின் முகத்துக்கு நேரே உட்கார்ந்தார்.

“நீங்க நிறுத்துன்னா நிறுத்திருவேன். ஏன்னு கேக்க மாட்டேன். சரியா?”

“எல்லாரும் அப்படித்தான் சொல்வீங்க. நானும் சொல்லியிருக்கேன்.”

“அப்ப பாத்துருவோம்.”

ஊசி ஏறியதும் உடம்பு பஞ்சானது. கூரை விளக்கு நகர்வது போல இருந்தது. பென்டே என்ற நர்ஸ் அவள் தோளில் கை வைத்திருந்தாள். ஏதோ பேச்சு. பிறகு அந்த வளைவு வந்தது. பஞ்சுக்குள்ளிருந்து அதே முஷ்டி. முன்பைவிடத் தணிந்த வலிதான். ஆனால் அவள் உடம்பு பழையதை ஞாபகம் வைத்திருந்தது; நடுங்க ஆரம்பித்தது.

“நிறுத்துங்க,” என்றாள். குரல் எழவே இல்லை என்று நினைத்தாள்.

குழாய் நின்றது.

‘இன்னும் கொஞ்சந்தான்’ வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. இயந்திரம் மட்டும் உறுமிக்கொண்டிருந்தது. கொஞ்சம் காற்றை வெளியே எடுத்தார்கள். பென்டே அவளை மெல்ல மல்லாக்கத் திருப்பி, வயிற்றில் ஒரு கையை வைத்து அழுத்திக்கொண்டாள். அப்போதும் காத்திருந்தார்கள். அவளுக்கு அழுகை வந்தது. வலியால் இல்லை என்கிறாள்.

“சரி. போங்க,” என்றாள்.

வளைவு தாண்டியது. (இங்கே ஒரு ஓட்டை.) குழாய் திரும்பும் வழியில் திரையில் ஒரு சதை முளையைப் பார்த்தாள். சின்ன செர்ரிப் பழம் போல, காம்போடு, பளபளவென்று. சுருக்குக் கம்பியால் அதை அறுத்தெடுத்தார்கள். வலிக்கவில்லை. பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறோம், நாங்களே கூப்பிட்டுச் சொல்கிறோம் என்றார் சுன்னிவா.

“பாத்தா எப்படித் தெரியுது?” என்று துரிட் கேட்டாள்.

“வெறுமன பாத்துச் சொல்ல மாட்டேன்,” என்றார் அவர்.

5

இதுவரை எழுதியதை அவளுக்கு அவள் மொழியில் படித்துக் காட்டினேன். ஆஸ்பத்திரியிலிருந்து முடிவு இன்னும் வரவில்லை. என்னிடம் இரண்டு இருந்தன. ஒன்றில் அது வெறும் சதை. அவளும் ஈவாரும் படகில் போகிறார்கள். இன்னொன்றில் —

“ரெண்டும் வேணாம்,” என்றாள். “நல்லதுன்னு எழுதினா, ப்பூ இவ்ளோதானா, இதுக்கா இந்த ஆட்டம்னு என்னப் பாத்துச் சிரிப்பாங்க. கெட்டதுன்னு எழுதினா, படிக்கிறவ எவளும் டெஸ்டுக்கே போக மாட்டா. நீ உன் வாய மூடிட்டு இரு.”

“கதைக்கு முடிவு வேணுமேடி.”

“எனக்குந்தான் வேணும். உனக்கென்ன அவசரம்?”

ஈவார் கரை திரும்பிய வாரம் என்னைச் சாப்பிடக் கூப்பிட்டார்கள். அவன் அடுப்படியில் கானாங்கெளுத்தி பொரித்துக்கொண்டிருந்தான். துரிட் புது உருளைக்கிழங்கைப் பாத்திரத்திலிருந்து வடித்தாள். தொலைபேசி அடித்தது. எண்ணைப் பார்த்தாள். ஈரக் கையோடு எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய், கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

எங்களுக்கு அவள் முதுகுதான் தெரிந்தது. ஒரு கையால் கம்பியைப் பிடித்திருந்தாள். தலையாட்டினாள். ஏதோ கேட்டாள். மறுபடி தலையாட்டினாள். ஈவார் கரண்டியைத் தூக்கிப் பிடித்தபடியே நின்றான். அதிலிருந்து எண்ணெய் அவன் செருப்பில் சொட்டியது. அதைத் துடைக்கச் சொல்லலாமா என்று நினைத்தேன்.

கதவு திறந்தது. ஈரக் கையால் கண்ணைத் துடைத்தாள்; உதடு சிரிப்பை அடக்கப் பார்த்தது.

“என்ன ரெண்டு பேரும் மரம் மாதிரி நிக்கிறீங்க?” என்றாள். “மீன் கருகுது, ஈவார்.”

அவன் திரும்பி அடுப்பை அணைத்தான். பிறகு அவளிடம் போனான். அவள் அவன் காதில் சொன்னாள். என்னிடமும் சொன்னாள். மூவரும் உட்கார்ந்து, கருகிய பக்கத்தைச் சுரண்டிவிட்டுச் சாப்பிட்டோம். நான் வாயை மூடிக்கொண்டு இருக்கிறேன்.

நீங்கள் அவள் முகத்தைப் பார்த்தீர்கள் அல்லவா, கதவு திறந்தபோது?