மூன்று ஸ்டாப்புக்கு ஒரே விசில்

பரமத்தி வேலூரிலிருந்து நாமக்கல் போகும் வழியில், பரமத்தி தாண்டியதும் எங்கள் பஸ்ஸுக்குக் கிளட்ச் போய்விட்டது. கிளட்ச் போன வண்டியில் எஞ்சின் பாட்டுக்கு உறுமும், சக்கரத்துக்கு ஒன்றும் போய்ச் சேராது. பின்னால் வந்த பஸ்ஸில் எங்களை ஏற்றிவிடுவதற்குள் அரை மணி நேரம் ஓடிவிட்டது.

எனக்கு அது நஷ்டமில்லை. சனிக்கிழமை, பள்ளி விடுமுறை, கண்ணாடிக் கடைக்குப் போகிற வேலைதான். பக்கத்தில் உட்கார்ந்த பெண்ணுக்கோ அந்த அரை மணி நேரம்தான் கையிருப்பு. பெயர் ரஞ்சிதா. நாமக்கல்லில் அரசுத் தேர்வு எழுதப் போகிறார். அடுத்த முறைக்கு வயது தாண்டிவிடும் என்று, கேட்காமலே சொன்னார். மடியில் பிளாஸ்டிக் உறைக்குள் ஹால்டிக்கெட். எட்டரைக்குள் வர வேண்டும் என்று முதலில் போட்டிருந்தது. அடுத்த வரியில் கிரேஸ் டைம், ஒன்பது மணி.

"கிரேஸ்னா என்னங்க சார்? ஸ்கூல்ல எங்கூட ஒரு கிரேஸ் படிச்சா. அவளும் லேட்டாத்தான் வருவா" என்றார்.

நான் இங்கிலீஷ் வாத்தியார். இப்படி ஒரு கேள்வி கிடைத்தால் விடமாட்டேன். அந்தச் சொல் இங்கிலீஷுக்குள் வந்ததே தேவாலயத்தின் வழியாகத்தான் என்று ஆரம்பித்தேன். முதலில் அது கடவுளின் அருள். பிறகு சாப்பிடும் முன் நன்றி சொல்லும் ஜெபத்துக்கும் அதே பெயர். பிரபுக்களை மரியாதையாக அழைக்கவும் அதுவே ஆனது. நன்றாக ஆடுகிறவளிடம் ஒரு நளினம் இருக்கிறதே, உழைப்பு வெளியே தெரியாமல் தானாக வந்தது போல, அதற்கும் அந்தச் சொல்தான். இரண்டு மார்க்கில் பெயிலாகிற பையனுக்குப் போட்டுக்கொடுக்கும் மார்க், இன்சூரன்ஸில் கெடு தாண்டியும் விடுகிற நாட்கள் எல்லாம் அதிலிருந்து கிளைத்தவை. அடியில் இருப்பது ஒன்றுதான், நாம் சம்பாதிக்காமல் நமக்குக் கிடைப்பது என்றேன்.

"அப்ப இனாமுன்னு சொல்லுங்க" என்றார் ரஞ்சிதா. "எனக்கு அது ஆகாதுங்க சார். எட்டரைக்குள்ள உள்ள போயிரணும்னுதான் நேரமே கெளம்புனேன்."

பக்கத்தில் நின்ற கண்டக்டர் கதிர், கிளாஸ் முடிந்துவிட்டால் பழைய டிக்கெட்டைப் பார்க்கலாமா என்று என்னைக் கேட்டார். பின் சீட்டில் யாரோ சிரித்தார்கள். டிக்கெட்டைக் காட்டிவிட்டு, தேர்வு நடக்கும் பள்ளிக்கு ஒன்பதுக்குள் போகுமா என்று நானே கேட்டேன். ரஞ்சிதா கேட்கமாட்டார் என்று தெரிந்துவிட்டது.

கதிர் வாட்சைப் பார்த்தார். பள்ளி பரமத்தி ரோட்டின் மேலேயே இருக்கிறது, நடுவில் மூன்று ஸ்டாப், மூன்றிலும் ஆள் இறங்குகிறார்கள், நின்று நின்று போனால் கேட்டைச் சாத்திவிடுவார்கள் என்றார்.

பஸ் நிற்பதில் நேரம் அதிகம் போவதில்லை. நின்ற வண்டி திரும்ப வேகம் எடுப்பதில்தான் போகிறது. ஏற்கெனவே கால் வைக்க இடமில்லாத வண்டி. ஃபர்ஸ்ட் கியரில் முனகி, செகண்டுக்கு வந்து, டாப்பில் விழுவதற்குள் அடுத்த ஸ்டாப்பில் விசில் விழுந்துவிடும்.

கதிர் கம்பியைப் பிடித்துக்கொண்டு எல்லாருக்கும் விஷயத்தைச் சொன்னார். மூன்று ஸ்டாப்காரர்களும் ஒரே இடத்தில் இறங்கிக்கொண்டால் இந்த அக்கா பரீட்சை எழுதிவிடுவார். வேண்டாம் என்கிறவர்கள் சொல்லலாம், அவரவர் ஸ்டாப்பிலேயே நிறுத்துகிறேன் என்றார்.

ரஞ்சிதா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மூன்றாவது ஸ்டாப்பில் இறங்க வேண்டியவர்களில் ஒருத்தி கைக்குழந்தைக்காரி. முதல் ஸ்டாப்பான மில் கேட்டில் இறங்க வேண்டியவர் குஞ்சம்மாள். அவர் காலடியில் ஈர வாழைப்பட்டையில் கட்டிய இரண்டு வெற்றிலைக் கட்டுகள் இருந்தன.

முதலில் வாயைத் திறந்தது குஞ்சம்மாள்தான். "நடு ஸ்டாப்புல நிறுத்து சாமி. என்ற இடத்துல நிறுத்துனா அந்தப் புள்ளக்காரி ரொம்ப தூரம் நடக்கோணும்."

ரஞ்சிதா எழுந்துவிட்டார். "வேண்டாமுங்க்கா. இத்தன சுமைய வெச்சுக்கிட்டு..."

"உக்காரு அம்மிணி. நாளைக்கி அதிகாரியாயி எங்கூர்ப் பக்கம் வந்தீன்னா, பட்டா மாத்தறதுக்கு எங்கிட்டக் காசு கேக்காம இரு. அது போதும்."

பஸ்ஸே சிரித்தது. ரஞ்சிதாவும் சிரித்தார், கண் கலங்கியபடி. மில் கேட்டை வண்டி வேகம் குறையாமல் கடந்தது. அங்கே கை காட்டியவர்கள் திட்டியது எங்களுக்குக் கேட்கவில்லை.

நடு ஸ்டாப்பில் ஒரே விசில். ஏழெட்டுப் பேர் மளமளவென்று இறங்கினார்கள். குஞ்சம்மாள் ஒரு கட்டைத் தலைக்கு ஏற்றி, இன்னொன்றை எப்படி எடுப்பது என்று குனிந்து பார்ப்பதைப் படி வழியாகக் கண்டேன். கண்ணாடிக் கடை எங்கேயும் போய்விடாது. நானும் இறங்கி அதைத் தூக்கிக்கொண்டேன். ஈரம் சொட்டி என் சட்டை நனைந்தது. பஸ் அதற்குள் கிளம்பிவிட்டது.

மில் கேட்டை நோக்கித் திரும்ப நடந்தோம். அந்தப் பெண் எனக்கு என்ன வேண்டும் என்று குஞ்சம்மாள் விசாரித்தார். யாருமில்லை, இன்றுதான் பார்த்தேன் என்றேன். தனக்கும் அப்படித்தான் என்று சொல்லிவிட்டு, கட்டைச் சாய்க்காமல் பிடிக்கச் சொன்னார். சாய்த்தால் நடுவில் இருக்கும் இலை கசங்கிவிடுமாம்.

மில் கேட் டீக்கடையில் கட்டுகளை இறக்கி டீ குடித்தோம். நாமக்கல் போகிற பஸ் ஒன்று வந்தது, நான் ஏறவில்லை. அடுத்ததும் போனது. குஞ்சம்மாளும் வீட்டுக்குக் கிளம்பாமல் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். நாமக்கல் போன கதிரின் பஸ் இந்த வழியாகத்தான் திரும்ப வேண்டும்.

அது வந்தபோது வேகமாகத்தான் வந்தது. முன்படியில் தொங்கிக்கொண்டிருந்த கதிர் எங்களைப் பார்த்துவிட்டார்.

"ஸ்கூல் கேட்டுல ஒரு கதவு சாத்தியாச்சுங்க" என்று கத்தினார். "இன்னொண்ணுல உள்ள போயிட்டாங்க."

குஞ்சம்மாள் தலையாட்டிவிட்டு, சும்மாட்டைச் சுருட்டித் தலையில் வைத்தார். நான் கட்டுகளைத் தூக்கிக் கொடுத்தேன்.