நாற்பத்தொன்றாம் பக்கம்

அன்று அறையில் இருந்தவர்கள் நான், என் தம்பி, தம்பியின் மனைவி, அவர்கள் மகள். அவளை நாங்கள் வாலு என்றுதான் கூப்பிடுவோம். வேறு யாரும் இல்லை.

எங்கள் குடும்ப வரலாறு எண்பத்து நான்கு பக்கம். எழுதியது நான், தட்டச்சு செய்தது தம்பி. மூலக் கோப்பு அவனுடைய கெட்டுப்போன கணினியோடு போய்விட்டது. கையில் மிஞ்சியது பிடிஎஃப் மட்டும். அதைத் திருத்தக் கிடைத்தது வாலுவின் பழைய மடிக்கணினி. அதில் லினக்ஸ் என்ற இலவச மென்பொருள்தான் ஓடும். ஓசியில் வந்ததை நம்பி வரலாற்றை ஒப்படைக்கலாமா என்று கேட்டேன்.

"ஓசின்னு சொல்லாதீங்க பெரியப்பா. எல்லாரும் சேந்து எழுதினது. யார் வேணா உள்ள திறந்து பாக்கலாம்" என்றாள்.

திருத்தக் குறிப்புகள் எல்லாம் என் பெயரிலேயே விழவேண்டும் என்றேன். அப்படியே அமைத்தாள்.

நாற்பத்தொன்றாம் பக்கம் அம்மாவுடையது. அம்மா பெயருக்குக் கீழே என் பெயர், தம்பி பெயர். மூன்றாவதாக, என்னைக் கேட்காமல், தம்பி எங்கள் தங்கையின் பெயரையும் சேர்த்திருந்தான். முப்பது வருடத்துக்கு முன் என் சொல்லை மீறிக் கல்யாணம் செய்துகொண்டு போனவள். இப்போது படுத்த படுக்கை.

"ஒண்ணே ஒண்ணுதாண்ணா கேட்டா. அம்மா பேருக்குக் கீழ என் பேரும் இருக்குமான்னு. இருக்கும்னு சொல்லிட்டேன்."

"சொன்னது நீ. நான் இல்ல."

தம்பி மனைவி காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். திரும்பி வரவில்லை.

வாலு அந்தப் பெயரின்மேல் வெள்ளைப் பெட்டி ஒன்றை வரைந்தாள். பெயர் மறைந்தது. இது மேலே மூடுவதுதான், அழிப்பது இல்லை, யாரும் நகர்த்திப் பார்க்கலாம் என்று இரண்டு முறை சொன்னாள். பக்கங்களைப் படமாக மாற்றிவிட்டால் நகராதாம். ஆனால் எழுத்து கொஞ்சம் மங்குமாம். முதல் பக்கத்தில் என் படத்துக்குக் கீழே நான்கு வரி இருக்கிறது. மங்க வேண்டாம், மூடினால் போதும் என்றேன். பெட்டியோடு, அச்சில் வராத குறிப்பு ஒன்றும் ஒட்டச் சொன்னேன்: 'இவள் இந்த வீட்டில் பிறக்கவில்லை.' வாலு என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தட்டினாள்.

அச்சுக்குப் போகும்முன் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் பார்வைக்கு அனுப்பினோம். தங்கைக்கும் அனுப்பச் சொன்னது நான்தான். வெளியே நின்று பார்க்கட்டும் என்று.

மூன்றாம் நாள் கோப்பு அவளிடமிருந்து திரும்பி வந்தது. அவள் மகன் பெட்டியை நகர்த்திக் காட்டினானாம். தன் பெயரைக் கொஞ்ச நேரம் பார்த்தாளாம். குறிப்பைப் படித்தாளாம். பிறகு கணினியை மடிமேல் வைக்கச் சொல்லியிருக்கிறாள்.

வாலு திறந்து பார்த்தாள். வாய்விட்டுப் படிக்க அவளால் முடியவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நானே படித்தேன். பெட்டி பழையபடி பெயரின்மேல் இருந்தது. என் குறிப்புக்குக் கீழே இன்னொரு குறிப்பு.

'அண்ணா, பெட்டி கொஞ்சம் கோணலா இருந்துச்சு. நேரா வச்சுட்டேன்.'

தம்பி எழுந்து ஜன்னலோரம் போய் நின்றான். நான் அடுத்த பக்கத்துக்குப் போகச் சொன்னேன். இன்னும் நாற்பத்து மூன்று பக்கம் இருந்தது.

பதினோராம் நாள் தங்கை போய்விட்டாள்.

அச்சகத்துக்கு அனுப்பும்முன் அந்தப் பெட்டியை நான் எடுத்துவிட்டதாகச் சொந்தத்தில் ஒரு பேச்சு உலவுகிறது. எடுக்கவில்லை. புத்தகம் என்னிடம் இருக்கிறது, யாரும் வந்து பார்க்கலாம். அம்மா பெயருக்குக் கீழே இரண்டு பெயர்கள். அதற்குக் கீழே, அவள் வைத்த இடத்திலேயே, ஒரு வெள்ளை இடம். கோணல் இல்லை.