கெட்டித் தண்ணீர்

கெட்டியாக்கும் பொடியைத் தண்ணீரில் தூவி, விடாமல் கலக்கினால் முதலில் கூழாகும், கொஞ்ச நேரத்தில் ஜெல்லியாக நிற்கும். கரண்டியைச் சாய்த்தால் ஒழுகக் கூடாது, மெல்ல வழுக்கி விழ வேண்டும். மருத்துவமனையில் விழுங்கப் பயிற்சி கொடுக்கும் பெண் அப்படித்தான் காட்டிக் கொடுத்திருந்தாள். பக்கவாதம் வந்ததில் மச்சானுக்கு வலது கையோடு தொண்டையும் பாதி மரத்துப்போயிருந்தது. சாதாரணத் தண்ணீர் கொடுத்தால், தொண்டை சுதாரிப்பதற்குள் ஓடி நுரையீரலில் இறங்கிவிடுமாம். ஜெல்லி நிதானமாகப் போவதால் வழி தவறாதாம்.

அவர் மனைவியான அக்கா ஒரு ஓட்டலின் சலவைப் பிரிவில் பகல் முழுக்க வேலை பார்த்தாள். அவள் தம்பி லிஃப்ட் மெக்கானிக், மாலை ஷிஃப்ட். அதனால் பகலில் மச்சானைப் பார்த்துக்கொள்வது அவன் பொறுப்பாயிற்று. அவன் அதைப் பாரமாக நினைக்கவில்லை. மச்சான் ரயில் நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்தவர். வீட்டில் உப்பு கேட்டாலும் நடைமேடை வரைக்கும் கேட்கும் என்று அக்கா கிண்டலடிப்பாள். தம்பி முதன்முதலாக வேலைக்குப் போன காலையில், புதிதாக வேலைக்குச் செல்லும் பயணி சாப்பாட்டு டப்பாவை மறந்துவிட்டார் என்று ஒலிபெருக்கியிலேயே சொல்லி அவன் மானத்தை வாங்கியவர். அந்தக் குரல் இப்போது வாய்க்குள்ளேயே உருண்டு தேய்ந்தது.

முதலில் மச்சான் சிரித்துக்கொண்டேதான் சாப்பிட்டார். "தண்ணியையும் மெல்ல வச்சுட்டியே மாப்ள" என்றார். அவனும் எலுமிச்சை மணம் சேர்த்துப் பார்த்தான், குளிரவைத்துப் பார்த்தான். நாள் போகப் போகச் சிரிப்பு நின்றது. உடம்புக்கு வேண்டிய நீர் போய்க்கொண்டுதான் இருக்கிறது என்றார் டாக்டர். ரத்தப் பரிசோதனையும் அதையே சொன்னது. மச்சானின் நாக்குக்கு மட்டும் அது விளங்கவில்லை.

"ஒரே ஒரு மடக்கு. உங்கக்காகிட்ட மூச்சு விட மாட்டேன்."

"கேக்காதீங்க மச்சான். வேற என்ன வேணாலும் கேளுங்க."

"வேற என்னடா இருக்கு எனக்கு?"

அதன் பிறகு தம்பிக்கு அந்த வீட்டில் தண்ணீர் குடிக்கவே கூச்சமாக இருந்தது. சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, குழாயைச் சத்தம் வராமல் திறந்து, திருடனைப் போலக் குடிப்பான். பயிற்சிப் பெண்ணைக் கூப்பிட்டு இன்னொரு முறை சோதிக்கச் சொன்னான். அவள் ஒரு கரண்டி தண்ணீர் கொடுத்துக் கழுத்தில் விரல் வைத்துப் பார்த்தாள். மச்சான் இருமக்கூட இல்லை. தம்பிக்கு நம்பிக்கை வந்தது. அவளோ, இருமாததுதான் மோசம், தண்ணீர் தப்பான வழியில் போவதே அவருக்குத் தெரியவில்லை என்றாள்.

ஒரு விடுமுறை நாளில் அக்காவும் தம்பியும் மச்சானைக் குளிப்பாட்டினார்கள். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்துத் தம்பி பின்னால் நின்று தோளைப் பிடித்துக்கொண்டான். அக்கா ஷவரைத் திறந்தாள். மச்சான் திடீரென்று முகத்தை நிமிர்த்தி வாயைத் திறந்தார். தண்ணீர் உள்ளே இறங்கியது. அவர் விழுங்கினார், மறுபடியும் விழுங்கினார். நோயில் விழுந்ததிலிருந்து அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை இருவரும் பார்த்ததில்லை. அக்காவின் கை குழாயில்தான் இருந்தது. திருகவில்லை. தம்பியும் அவர் தலையைத் தாழ்த்திப் பிடிக்கவில்லை. பிறகுதான் அவளுக்கு உறைத்தது, சட்டென்று அடைத்தாள். தம்பி துண்டை எடுத்து முதலில் அவர் வாயைத்தான் துடைத்தான்.

அந்த வாரமே காய்ச்சல் வந்து நெஞ்சில் சளி கட்டியது. மருத்துவமனையில் மூக்கு வழியாகக் குழாய் போட்டார்கள். வாய் வழியாக ஜெல்லிகூடக் கூடாது என்றார்கள். காய்ச்சல் இறங்கியதும் டாக்டர் அவர்களை உட்காரவைத்து நிதானமாகப் பேசினார். வயிற்றில் நிரந்தரமாகக் குழாய் வைக்கலாம், இப்படியே பல காலம் இருப்பார். அல்லது ஆபத்து தெரிந்தே அவருக்குப் பிடித்ததை வாயால் கொடுக்கலாம், அது எத்தனை நாள் என்று யாரும் சொல்ல முடியாது. இரண்டில் எதுவும் தப்பில்லை என்றார். அந்த வார்த்தைதான் அவர்களை இன்னும் உடைத்தது.

மச்சானிடமே கேட்டார்கள். அவர் மனைவியை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீர் என்று சொல்லப்போகிறார் என்றே தம்பி நினைத்தான்.

"அவ சொல்றபடி" என்றார்.

வெளியே வராந்தாவில் அக்கா தம்பியின் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். "எங்கையால நான் அவரக் கொல்ல மாட்டேன்டா. இப்படி வச்சுக் காப்பாத்தவும் தெரியல. நீயாவது ஏதாவது சொல்லு." அவள் உள்ளே போய்க் குழாய்க்குக் கையெழுத்துப் போட்டாள்.

வீட்டுக்கு வந்த பிறகு கலக்கும் வேலை இல்லை. அக்கா ஊசி இல்லாத பெரிய சிரிஞ்சில் சாதாரணத் தண்ணீரை எடுத்து வயிற்றுக் குழாயில் விடுவாள். மச்சான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பார். வாய் உலராமலிருக்க, குச்சி முனையில் பஞ்சு வைத்து, நனைத்துப் பிழிந்து உதட்டையும் நாக்கையும் துடைக்கச் சொல்லியிருந்தார்கள். அது தம்பியின் வேலை.

ஒரு மத்தியானம் அப்படித் துடைத்தபோது மச்சான் பஞ்சைப் பல்லால் கவ்விக்கொண்டார். விடவில்லை. கண்களை மூடி, இருந்த ஈரத்தையெல்லாம் உறிஞ்சினார்.

"விடுங்க மச்சான்" என்று தம்பி மெதுவாகச் சொன்னான். குச்சியை இழுக்க அவனுக்கு மனம் வரவில்லை, விட்டுவிடவும் தைரியம் இல்லை. அதைப் பிடித்தபடியே கட்டிலருகே நின்றுகொண்டிருந்தான்.